கைவேலைப் பக்கம்: கறுப்புத் துணியில் ஒரு கோடு

ஆடி பிறந்து நாலு நாள் ஆகவில்லை. அதற்குள் கொடியில் உலர்த்திய துணிகள் அடுத்த வீட்டு மாடிக்கு விருந்தாடப் போக ஆரம்பித்துவிட்டன. இந்தக் காற்றுக்கு அம்மியே பறக்கும் என்பார்கள் பெரியவர்கள். அம்மி இருக்கிற வீடுகள் இப்போது குறைவு அல்லவா? ஆகையால் காற்று நம் வீட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பியிருக்கிறது. மொட்டை மாடியிலிருந்து அவர்களைக் கீழே இறக்குவதற்குள் சாயங்காலக் காப்பி ஆறி அவலாய்ப் போய்விடுகிறது!

இந்த வாரக் கடிதங்களில் முக்கால்வாசி, ரவிக்கைக் கழுத்தைப் பற்றியும் கிழிந்த மிதியடியைப் பற்றியும்தான். அவற்றுக்கு அடுத்த வாரம் பதில் சொன்னால் குடி முழுகிவிடாது. ஒரே ஒரு கடிதம் மட்டும் காத்திருக்க முடியாதது. திருச்சியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்:

"என் தகப்பனார் வக்கீலாக இருந்தவர். காலமாகி 4 வருஷம் ஆகிறது. அவருடைய கறுப்பு கவுன் ஒன்று பீரோவில் மடித்தபடியே இருக்கிறது. என் பிள்ளைக்கு 9 வயசு. துணியில் பட்டம் செய்து தர வேண்டும், அதுவும் தாத்தாவின் கவுனில்தான் செய்ய வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். அம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'வெட்டுகிறதானால் கோணலாக வெட்டாதே' என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து கத்தரிக்கோலை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். பென்சில் கோடு தெரியவில்லை. பேனாக் கோடும் தெரியவில்லை. நான் என்ன செய்யட்டும்?"

முதலில் கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள், சகோதரி. அதற்கு வேலை வர இன்னும் இரண்டு நாளாவது ஆகும்.

கறுப்புத் துணி ஒரு கள்ளத் துணி. கருநீலமும், அரக்கும், காப்பிக்கொட்டை நிறமும் அதற்குப் பங்காளிகள். வெள்ளை மல்லைப் போட்டால் கோடு தெரிகிறது, இழை தெரிகிறது, மடிப்பு தெரிகிறது. வெட்டுகிறவள் தூக்கக் கலக்கத்தில் வெட்டினாலும் கை நேராகப் போய்விடும். கறுப்பில் எதுவும் தெரியாது. கோடு மட்டுமா? எது பாவு நூல், எது ஊடை நூல், எந்த இடத்தில் பழைய தையல், எந்த இடத்தில் பூச்சி அரித்திருக்கிறது, ஒன்றும் தெரியாது. நாற்பது தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். ஆனால் பட்டத்துக்குக் கறுப்பைப் போல எடுப்பான நிறம் கிடையாது. வெள்ளைப் பட்டம் மேகத்தோடு மேகமாகப் போய்விடும். கறுப்புப் பட்டம் எவ்வளவு உயரம் போனாலும் திருஷ்டிப் பொட்டு மாதிரி வானத்தில் தனியாகத் தெரியும். உங்கள் பிள்ளையாண்டானுக்கு ரசனை இருக்கிறது!

கவுனை அப்படியே விரித்துப் போட்டு வெட்டலாம் என்ற எண்ணம் வேண்டாம். வக்கீல் கவுனில் நமக்கு உபயோகப்படுவது முதுகுப் பக்கம்தான். தோள்பட்டைக்குக் கீழே நெருக்கமாகச் சுருக்கு வைத்துத் தைத்திருப்பார்கள். அந்தச் சுருக்கைப் பிரித்தால் எதிர்பார்த்ததைவிட அகலமான துணி கையில் வரும். கைகளையும், தோள்பட்டையையும், முன் பக்கத்தையும் தொட வேண்டியதில்லை. அவற்றை உங்கள் அம்மாவிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பிரிப்பது என்றவுடன் அடுத்த தலைவலி: கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தையல். கண்ணை இடுக்கிக் கொண்டு பிளேடை ஓட்டினால் நூலுக்குப் பதில் துணி அறுந்துவிடும். இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. வெள்ளைச் சாக்குக்கட்டியைப் படுக்க வைத்துத் தையலின் மேல் லேசாக ஒரு தேய்ப்புத் தேயுங்கள். துணியைவிடத் தையல் நூல் சற்று மேடாக இருப்பதால் பொடி அதன்மேல் ஒட்டிக் கொள்ளும். ஒவ்வொரு தையலும் எறும்பு வரிசை போல வெள்ளையாகத் தெரியும். அப்புறம் நாலைந்து தையலுக்கு ஒன்றாக அறுத்துவிட்டு, பின் பக்கத்து நூலை மெதுவாக இழுத்தால் போதும்.

பிரித்ததும் ஒரு வேடிக்கையைப் பார்ப்பீர்கள். சுருக்குக்குள்ளே ஒளிந்திருந்த துணி மையிருட்டாக இருக்கும். வெளியே வெயிலும் வெளிச்சமும் பட்ட பாகம் பழுப்போடியிருக்கும். கறுப்பு என்று இத்தனை நாள் நினைத்தது கறுப்பே அல்ல என்று அப்போதுதான் தெரியும். இந்தப் பட்டைகளைக் கண்டு கவலைப்பட வேண்டாம். மேலே இருந்து கீழாகப் போகிற அந்த வெளிறிய வரிகள், பாவு எந்தத் திசையில் ஓடுகிறது என்று நமக்குக் காட்டிக் கொடுக்கின்றன.

துணியைக் குளிர்ந்த நீரில் தனியாக அலசுங்கள். பருத்தியானால் சாயம் கொஞ்சம் இறங்கும், சற்றுச் சுருங்கவும் செய்யும். வெட்டிய பிறகு சுருங்குவதைவிட இப்போதே சுருங்கட்டும். அலசி உலர்ந்ததும் வாயருகே வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சுக் காற்று சுலபமாக மறுபக்கம் போனால், ஆடிக் காற்றும் அப்படியே போய்விடும், பட்டம் எழும்பாது. அத்தகைய துணிக்கு நம் பாட்டிமார் கைக்கண்ட மருந்து ஒன்று இருக்கிறது: சோறு வடித்த கஞ்சி. திட்டமாகக் கஞ்சி போட்டு உலர்த்தித் தேய்த்தால் இழைகளுக்கு நடுவே உள்ள கண்கள் அடைபடும். துணியும் விறைப்பாக நிற்பதால் கோடு போடுவது எளிது. கறுப்புத் துணியில் கஞ்சி திட்டுத் திட்டாக வெளுத்துத் தெரிகிற ஆபத்து உண்டு. ஆகவே கஞ்சியை நன்றாக வடிகட்டி, நீர்க்கக் கரைத்துப் போடுங்கள். பாலியெஸ்டர் கலந்த துணியானால் இந்த உபசாரங்கள் எதுவும் தேவையில்லை. மிதமான சூட்டில், மேலே ஒரு மெல்லிய ஈரத்துணி போட்டு இஸ்திரி செய்தால் போதும். சூடு மிஞ்சினால் கறுப்பு பளபளத்துவிடும். அந்தப் பளபளப்பு லேசில் போகாது.

இனி, துணியை எந்தப் பக்கமாகப் போடுவது? பட்டத்தின் நடுக்குச்சி பாவு நூலோடு போக வேண்டும். அப்படிப் போட்டால் நாலு ஓரமும் கிராஸாக விழும். கிராஸ் துணி இழுத்தால் நீளும் என்பது, பாவாடைக்குக் கிராஸ் பட்டி தைத்தவர்களுக்குத் தெரிந்ததுதான். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நீண்டால் பட்டம் பொறுத்துக் கொள்ளும். துணியைச் சற்றே கோணலாகப் போட்டுவிட்டால் ஒரு பக்கம் அதிகமாகவும் ஒரு பக்கம் குறைவாகவும் நீளும். பிறகு எத்தனை வால் கட்டினாலும் பட்டம் ஒரு பக்கமாகவே குட்டிக்கரணம் போடும். அம்மா சொன்ன "கோணல்" இதுதான். அவர் பட்டம் விட்டிருக்கிறாரோ என்னவோ, சரியாகச் சொல்லியிருக்கிறார்.

கிராஸ் என்றதும் ரைட் சகோதரர்கள் நினைவுக்கு வருகிறார்கள். ஆகாய விமானத்துக்கு முன்னால் அவர்கள் செய்தது கிளைடர்கள். 1900-ஆம் வருஷம் கிட்டி ஹாக் என்ற கடற்கரைக் கிராமத்துக்கு முதல் கிளைடரைக் கொண்டு போனார்கள். கொண்டு வந்த மரச்சட்டம் நினைத்த நீளத்தில் கிடைக்கவில்லை. ஆகவே, ஏற்கெனவே தைத்துக் கொண்டு வந்த இறக்கைத் துணியை வெட்டிச் சிறிதாக்க வேண்டியதாயிற்று. அந்த ஊர் தபாலாபீசைப் பார்த்துக் கொண்டிருந்த டேட் தம்பதியின் வீட்டில் ஒரு தையல் மிஷின் இருந்தது. அம்மையாரின் மிஷினைக் கடன் வாங்கி, வில்பர் ரைட்டே உட்கார்ந்து தைத்து முடித்தார். அந்த வருஷம் அந்தக் கிளைடரைப் பெரும்பாலும் கயிறு கட்டிப் பட்டமாகத்தான் விட்டார்கள். ஊருக்குத் திரும்பும்போது அதை மணலிலேயே போட்டுவிட்டுப் போனார்கள். டேட் அம்மையார் பார்த்தார். நல்ல சாட்டின் துணி வீணாகலாமா? பிரித்தெடுத்துத் தம் இரண்டு பெண்களுக்கும் கவுன் தைத்துப் போட்டுவிட்டார்! கவுன் பட்டமாகிறது இந்தக் காலம் என்றால், பட்டம் கவுனானது அந்தக் காலம். பிறகு வந்த கிளைடர்களிலும் 1903-இல் பறந்த விமானத்திலும் ரைட் சகோதரர்கள் துணியை வேண்டுமென்றே கிராஸாகப் போட்டு, இறக்கைக்கு உறுதி தேடினார்கள். தைக்கத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். அளவு சொல்கிறேன். நடுக்குச்சி 80 சென்டிமீட்டர். குறுக்குக் குச்சி 72 சென்டிமீட்டர். நடுக்குச்சியின் உச்சியிலிருந்து 20 சென்டிமீட்டர் கீழே இரண்டும் சேர வேண்டும். அப்போது மேல் ஓரங்கள் ஒவ்வொன்றும் 41 சென்டிமீட்டரும் சொச்சமும், கீழ் ஓரங்கள் ஒவ்வொன்றும் 70 சென்டிமீட்டரும் வரும். சுற்றிலும் மடித்துத் தைக்க ஒன்றரை சென்டிமீட்டர் விடுங்கள். மொத்தத்தில் 86-க்கு 78 சென்டிமீட்டர் துணி போதும். கவுனின் முதுகு இந்த அளவுக்கு வருகிறதா என்று முதலில் பாருங்கள். வரவில்லையானால் எல்லாவற்றையும் அதே விகிதத்தில் குறைத்துக் கொள்ளலாம்.

இந்த அளவைத் துணியில் போடாதீர்கள். தினசரித் தாளில் போடுங்கள். இரண்டு தாளை ஒட்டி நீளமாக்கி, அது போல இரண்டு ஜோடி தயாரித்து, ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஒரே வெட்டில் இரண்டு வடிவம் எடுங்கள். ஒன்றைப் பத்திரமாக வையுங்கள். மற்றொன்றைக் குச்சியில் ஒட்டி, வால் கட்டி, பிள்ளையிடம் கொடுத்து மாடிக்கு அனுப்புங்கள். தாள் பட்டம் ஒரு சாயங்காலம் தாங்கினால் போதும். நேராக எழும்பினால் வடிவம் சரி. ஒரு பக்கமாகச் சாய்ந்தால் முதலில் குச்சியையும் கயிற்றையும் பாருங்கள், பிறகு வடிவத்தை நடுவில் மடித்துப் பாருங்கள். இரண்டு பாதியும் ஒன்றன்மேல் ஒன்று உட்காராவிட்டால் கோணல் அங்கேயே இருக்கிறது. தாள் கிழிந்தால் வேறு தாள் இருக்கிறது. கவுன் ஒன்றுதான் இருக்கிறது.

இப்போது கோடு. வீட்டில் கிடைப்பவற்றில் முதல் மரியாதை சோப்புச் சில்லுக்குத்தான். குளித்துக் குளித்துத் தேய்ந்து, கையில் நிற்காமல் வழுக்குகிற அந்தக் கடைசித் துண்டை எறிந்துவிடாதீர்கள். நன்றாகக் காய விட்டால் ஓரம் கத்தி போலக் கூர்மையாகும். வெள்ளை சோப்பு கறுப்புத் துணியில் மெல்லிய, தெளிவான கோடு போடும். தண்ணீர் பட்டால் போய்விடும். எண்ணெய்ப் பசை மிகுந்த சோப்பு மட்டும் வேண்டாம்.

தையற்கடைச் சாக்குக்கட்டி நல்லதுதான். ஆனால் முனை மழுங்கினால் கோடு 3 மில்லிமீட்டர் பருமனாகிவிடும். ஒரு பக்கம் அந்தக் கோட்டின் உள் ஓரமாகவும் மறு பக்கம் வெளி ஓரமாகவும் வெட்டிவிட்டால், சாயத் தொடங்குவதற்குப் பட்டத்துக்கு அதுவே போதும். பழைய பிளேடால் அடிக்கடி சீவிக் கொள்ளுங்கள். கோட்டின் எந்த ஓரத்தில் வெட்டுவது என்று முன்னாலேயே முடிவு செய்து, நாலு பக்கமும் அதிலேயே நில்லுங்கள். வழுவழுப்பான லைனிங் துணியில் சாக்குப் பொடி நிற்காது. ஒரு தரம் தூக்கி உதறினால் கோடு போய்விடும். போட்ட கையோடு வெட்டிவிட முடியும் என்றால் மட்டும் அதை நம்பலாம். கடையில் விற்கிற வெள்ளை, மஞ்சள் மெழுகுப் பென்சில்கள் நன்றாகத் தெரியும். ஆனால் சூட்டோடு இஸ்திரி போட்டால் சில துணியோடேயே தங்கிவிடும். ஒரு மூலையில் சோதித்துவிட்டுப் பிறகு தொடுங்கள்.

இன்னொரு வழி நம் வாசலிலேயே இருக்கிறது. ஆரி வேலை செய்கிறவர்கள் பூ வேலைப்பாட்டைத் துணிக்கு மாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். தாளில் கோட்டின் வழியே ஊசியால் நெருக்கமாகத் துளை போட்டு, அதன்மேல் வெள்ளைப் பொடியைக் குழைத்துத் தேய்ப்பார்கள். தாளை எடுத்தால் துணியில் புள்ளிப் புள்ளியாக வடிவம் நிற்கும். பட்டத்துக்கு இதையே உலர்ந்த கோலப்பொடியால் செய்யலாம். மெல்லிய துணியில் பொடியை முடிந்து, துளைகளின் மேல் தட்டிக் கொண்டே போனால் போதும். இருபது வருஷமாகத் தினம் காலையில் இழை பிசகாமல் கோலம் போடுகிறவர்களுக்கு, புள்ளிகளைச் சோப்பால் சேர்ப்பதா பெரிய காரியம்? கலர் கோலப்பொடி மட்டும் வேண்டாம். சில சாயங்கள் ஒட்டிக் கொண்டால் போகாது. அதே காரணத்தால் மஞ்சள் பொடியும் வேண்டாம்.

கோடே போட வேண்டாம் என்றாலும் ஆகும். பெயிண்ட் அடிக்கிறவர்கள் ஜன்னல் ஓரத்தில் ஒட்டுகிற காகித டேப் இருக்கிறதே, அதை வடிவத்தின் ஓரமாக நேராக ஒட்டிவிட்டு, டேப்பின் விளிம்பை ஒட்டி வெட்டலாம். கறுப்பின்மேல் வெளிர் டேப் தெருக்கோடியிலிருந்து பார்த்தாலும் தெரியும். கிராஸ் ஓரம் வெட்டும்போது நீண்டு போகாமலும் அது பிடித்துக் கொள்ளும். வெட்டின அன்றே உரித்துவிடுங்கள். நாள் போனால் பசை தங்கும்.

திருச்சிச் சகோதரிக்கு நான் சிபாரிசு செய்வது இவை எதுவும் இல்லை. வெள்ளை நூலால் ஓட்டுத் தையல். பத்திரமாக வைத்த தாள் வடிவத்தைத் துணிமேல் வைத்து, நாலு மூலையிலும் நடுவிலும் அரிசி டப்பாவோ படிக்கல்லோ வைத்து அசையாமல் நிறுத்தி, ஓரத்தைச் சுற்றி விரல் நீளத் தையலாகப் போட்டுக் கொண்டே வாருங்கள். நேரம் பிடிக்கும், வாஸ்தவம். ஆனால் இந்தக் கோடு அழியாது, பரவாது, பருமனாகாது. பிடிக்கவில்லையானால் நூலை உருவிவிட்டு மறுபடி போடலாம். துணிக்கு ஒரு குறையும் இல்லை. பாதியில் பால்காரர் வந்தாலும் டெலிபோன் மணி அடித்தாலும் அப்படியே வைத்துவிட்டு எழுந்து போகலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வெட்டுவதற்கு முன்னால் துணியைத் தூக்கிப் பிடித்து உங்கள் அம்மாவுக்குக் காட்டலாம். அவருக்குத் திருப்தியான பிறகு வெட்டலாம்.

வெளிச்சத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. தலைக்கு நேர் மேலே எரிகிற டியூப்லைட் கறுப்புத் துணிக்குப் பிரயோஜனம் இல்லை. வெளிச்சம் பக்கவாட்டில், தாழ்வாக வர வேண்டும். அப்போதுதான் இழைகளும் மடிப்புகளும் நிழல் விழுந்து தெரியும். காலை 9 மணிக்கு ஜன்னலோரம் நல்ல இடம். இரவில்தான் ஒழிகிறது என்பவர்கள், கைப்பேசியின் விளக்கைத் தரையை ஒட்டிச் சாய்த்து வைத்துப் பாருங்கள்; வித்தியாசம் தெரியும். துணிக்கு அடியில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துவிட்டால், வெட்டிக் கொண்டு போகும்போதே வெட்டுவாய் வெள்ளையாகப் பிளந்து காட்டும். சிவப்புத் தரைமேலோ, கறுப்புக் கிரானைட் மேடைமேலோ கறுப்புத் துணியை வெட்டுவது இருட்டில் கண்ணைக் கட்டிக் கொள்வது மாதிரி.

வெட்டும்போது துணியைக் கையில் தூக்கக் கூடாது. கத்தரியின் கீழ் அலகு தரையைத் தொட்டபடியே ஓட வேண்டும். முனை வரை மூடி மூடித் திறந்தால் ஓரம் பல் பல்லாக வரும். முக்கால் மூடியதும் முன்னே தள்ளி மறுபடி திறவுங்கள். நடுவில் மடித்து இரண்டு பாதியையும் சேர்த்து வெட்டினால் இரண்டும் ஒன்றுபோல வருமே என்று சிலர் கேட்கலாம். பருத்திக்குச் சரி. வழுக்குகிற துணியில் கீழ் மடிப்பு நமக்குத் தெரியாமல் நகர்ந்துவிடும், அதுவும் கறுப்பில் நகர்ந்தது தெரியவே தெரியாது. மடித்துத்தான் வெட்டுவேன் என்றால் இரண்டு மடிப்பையும் ஓட்டுத் தையலால் கட்டிப் போட்டுவிட்டு வெட்டுங்கள். காகிதமும் தேங்காய் நாரும் வெட்டின கத்தரி இந்த வேலைக்கு ஆகாது என்று தனியே சொல்ல வேண்டுமா?

பருத்தி அல்லாத துணி வெட்டிய ஓரத்தில் நூல் நூலாகப் பிரியும். குடைத் துணியும் அப்படித்தான். அதற்கு ஓரத்தை லேசாக உருக்கிவிடுவது வழக்கம். புகைகிற ஊதுவத்தியின் நுனியை ஓரத்தில் பட்டும் படாமலும் ஓட்டினால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொள்ளும். ஜன்னலைத் திறந்து வைத்து, பிள்ளைகளை அப்பால் அனுப்பிவிட்டு, பக்கத்தில் தண்ணீர் வைத்துக் கொண்டு செய்கிற காரியம் இது. கவுன் துணியில் பருத்தி கலந்திருந்தால் உருகாது, கருகும். ஆகவே வெட்டி மிஞ்சிய துண்டில் முதலில் பாருங்கள். குடைத் துணி என்றதும் இன்னொன்று: உள் பக்கம் வெள்ளிப் பூச்சு உள்ள குடையானால் உங்களுக்கு யோகம். பென்சிலால் அந்தப் பக்கத்தில் கோடு போட்டு அப்படியே வெட்டலாம்.

வீட்டுத் துணியில் பட்டமா என்று மாமியார் மூக்கின்மேல் விரல் வைத்தால், அமெரிக்காவில் நடந்த ஒரு சமாசாரத்தைச் சொல்லுங்கள். பிரான்சிஸ் ரொகாலோ என்று ஒரு விமான என்ஜினீயர். குச்சியே இல்லாமல், காற்றின் பலத்தாலேயே விரிந்து நிற்கிற இறக்கை ஒன்றைப் பற்றி அவர் யோசித்துக் கொண்டிருந்தார். ஆபீஸில் அதற்கு ஆதரவில்லை. வீட்டில் வைத்துச் செய்தார். 1948-இல் அவர் மனைவி கெர்ட்ரூட் சமையலறை ஜன்னல் திரையைக் கழற்றி, தம் தையல் மிஷினில் அந்த முதல் பட்டத்தைத் தைத்துக் கொடுத்தார். 1951-இல் கிடைத்த காப்புரிமையில் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. மனிதர்கள் தொங்கிக் கொண்டு மலையுச்சியிலிருந்து பறக்கிறார்களே, அந்தக் கிளைடர்கள் இந்த இறக்கையின் வழி வந்தவைதான். அந்த வீட்டுச் சமையலறைக்குப் புதுத் திரை எப்போது வந்தது என்பதைப் பற்றிச் சரித்திரம் மூச்சு விடவில்லை.

தையலுக்கு வருவோம். கறுப்புத் துணிக்குக் கறுப்பு நூல்தான் என்று யார் சட்டம் போட்டார்கள்? ரவிக்கையானால் சரி. பட்டத்துக்கு மஞ்சளோ வெள்ளையோ போடுங்கள். போகிற பாதை தெரிவதால் தையல் நேராக வரும், கண்ணும் வலிக்காது, பார்க்கவும் கரை போட்டது மாதிரி எடுப்பாக இருக்கும். மெல்லிய துணிக்கு மிஷினில் 11-ஆம் நம்பர் ஊசி போதும். ஓரத்தை மடிக்கும்போது உள்ளே ஒரு கெட்டி நூலை வைத்துத் தைத்தால் கிராஸ் ஓரம் நீளாது. நாலு மூலையிலும் குச்சி நுனி உட்காருவதற்குச் சிறு பை மாதிரி நாடாத் துண்டு வைத்து இரட்டைத் தையல் போடுங்கள். முதலில் கிழிவது அந்த இடம்தான். குச்சி மூங்கிலாக, பென்சிலைவிடச் சற்று மெல்லிசாக இருக்கட்டும். சூத்திரக் கயிறு கட்டுவது உங்கள் பிள்ளைக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். அதில் தலையிட வேண்டாம். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் இதை முச்சை என்பார்கள். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று நடக்கிற பட்டத் திருவிழாவில் பறக்கிறவற்றைப் பார்த்தால், முச்சை கட்டுவது எத்தனை பெரிய வித்தை என்று தெரியும். வாலுக்கு 4 அல்லது 5 மீட்டர் வேண்டும். பழைய வாயில் புடைவையைக் கிழித்தால் ஆயிற்று. வெளிர் நிறமாகப் பாருங்கள், கறுப்பின் கீழே நன்றாகத் தெரியும்.

கடைசியாக, கொஞ்சம் கண்டிப்பாகவே ஒன்று சொல்ல வேண்டும். இவ்வளவு பாடுபட்டுத் தைத்த பட்டத்தை மாஞ்சா நூலில் கட்ட விடாதீர்கள். கண்ணாடித் தூள் தடவிய நூல், போகிற வருகிற ஸ்கூட்டர்க்காரரின் கழுத்தைப் பதம் பார்த்திருக்கிறது. அப்பாவுக்கு முன்னால் நின்று கொண்டு போன குழந்தைகளையும் விட்டு வைக்கவில்லை. 2017-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நைலான் முதலிய செயற்கை மாஞ்சா நூல்களை நாடு முழுவதற்கும் தடை செய்தது. "எல்லாரும் அதில்தான் விடுகிறார்கள் அம்மா" என்று பிள்ளை சொல்லுவான். சொல்லட்டும். சாதாரணப் பருத்தி நூல், சற்றுப் பருமனாக, போதும். அறுபடுவது நம் பட்டமானால் போய் எடுத்து வந்துவிடலாம்.

மின்சாரக் கம்பி இருக்கிற பக்கம் கூடவே கூடாது. கம்பியில் மாட்டிக் கொண்டால், அது தாத்தாவின் கவுனே ஆனாலும் சரி, குச்சியை வைத்து இழுக்கப் போகக் கூடாது என்று மாடி ஏறும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். கைப்பிடிச் சுவர் தாழ்வாக உள்ள மாடியானால் மைதானத்துக்கே அழைத்துப் போங்கள். தூறல் விழுந்தால் உடனே இறக்கிவிட வேண்டும். நனைந்த நூலில் மின்சாரம் பாயும். கஞ்சி போட்ட துணியானால் கஞ்சியும் கரைந்து கனத்துப் போகும். வீட்டுக்குக் கொண்டு வந்து, குச்சியை உருவி, நிழலில் உலர்த்துங்கள்.